தொட்டியை ஏன் உள்ளே தள்ளச் சொன்னோம்?

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பெருமுக்கல்லைச் சொந்த ஊராகக் கொண்ட நம் குடியிருப்பின் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி பதில் பகுதி சுருக்கித் தரப்பட்டுள்ளது.)



போன மாதம் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பால்கனியின் வெளி ஓரத்தில் வைத்திருக்கும் சிமெண்ட் தொட்டிகளைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தி வையுங்கள் என்று இரண்டே வரி. காரணம் எழுதவில்லை. இரண்டு நாள் வாட்ஸ்ஆப் குழுவில் அதே பேச்சுதான். "தொட்டியை எடுக்கச் சொன்னால்கூடப் புரியும். அதே பால்கனியில் நாலடி தள்ளி வைப்பதால் என்ன மாறப் போகிறது? எடை ஒன்றுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எடை மாறாது. தூரம் மாறும். தூரம் மாறினால் அந்த எடை செய்கிற வேலை மாறிவிடும். இன்றைக்கு நான் சொல்லப் போவது இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு தரம் உடம்பால் உணர்ந்தால்தான் மனதில் நிற்கும் என்பது என் அனுபவம். அதனால் வீட்டுக் கதவிலிருந்து தொடங்குகிறேன்.

வீட்டுக்குப் போனதும் படுக்கையறைக் கதவைக் கைப்பிடிப் பக்கத்தில் ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள், சுலபமாகத் திறக்கும். பிறகு கீலிலிருந்து நாலு விரல் தள்ளி அதே விரலை வைத்துத் தள்ளுங்கள். விரல் வலிக்கும், கதவு நகராது. கதவு அதே கதவு, கீல் அதே கீல், நீங்களும் அதே ஆள். கதவின் அகலம் 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் 1 கிலோ விசை போதும் என்றால், கீலிலிருந்து 3 அங்குலத்தில் 10 கிலோ தேவை. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவதுதான் திருப்புகிற வலிமை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதற்கு 'விசையின் திருப்புத்திறன்' என்று பெயர். பைக் விளம்பரத்தில் 'டார்க்' என்று சொல்வதும் இதைத்தான். புத்தகத்தில் அலகு நியூட்டன் மீட்டர். நான் இன்றைக்குக் கிலோவையும் அடியையும் பெருக்கியே பேசுகிறேன், மாணவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

தூரம் என்று சொல்லும்போது ஒரு சின்ன நிபந்தனை உண்டு. கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கீலை நோக்கி நேராக எவ்வளவு அழுத்தினாலும் கதவு திறக்காது. குறுக்காகத் தள்ளும் விசைக்குத்தான் மதிப்பு. சாய்வாகத் தள்ளினால் பாதி வீணாகும்.

கதவை விட்டு நகர்வதற்கு முன் ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கைப்பிடியில் நாம் கொடுக்கிற சின்ன விசை, கீல் பக்கத்தில் பெரிய விசையாக மாறும். சிறு பிள்ளைகள் விரல் விட்டு விளையாடுவது பெரும்பாலும் அந்த இடுக்கில்தான். கைப்பிடியில் நீங்கள் 3 கிலோ விசையோடு சாதாரணமாகச் சாத்துகிறீர்கள். கீலிலிருந்து 1 அங்குலத்தில் ஒரு விரல் இருந்தால் அதன்மேல் விழுவது 30 மடங்கு, அதாவது 90 கிலோ. சாத்துகிறவருக்கு ஏதோ லேசாகத் தட்டுகிறது என்றுதான் தெரியும். அதற்குள் பிள்ளை அலறிவிடும். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடுகளில் கீல் இடுக்கை மூடுகிற பிளாஸ்டிக் பட்டை ஒன்று வாங்கி ஒட்டிவிடுங்கள். கதவின் மேல்பக்கத்தில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டாலும் போதும், கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளாது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் போனவர்களுக்குப் பெருமுக்கல் மலை தெரிந்திருக்கும். மலை உச்சியில் பழைய சிவன் கோயில். சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள். இந்தப் பக்கத்தில் எழும்பும் கட்டடங்களுக்கு ஜல்லி போவது இப்படிப்பட்ட குவாரிகளிலிருந்துதான். இன்றைக்கு எல்லாம் இயந்திரம். நான் சிறுவனாக இருந்தபோது சம்மட்டி, உளி, கடப்பாரை. வண்டியளவு பெரிய கல்லை இரண்டு பேர் புரட்டுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறோம்.

அவர்கள் செய்தது இதுதான். கடப்பாரையின் முனையைக் கல்லுக்கு அடியில் செருகுவார்கள். முனைக்குப் பக்கத்திலேயே, சுமார் 3 அங்குலத்தில், ஒரு சின்னக் கல்லை முட்டுக் கொடுப்பார்கள். பிறகு மறுமுனையில் சாய்ந்து நெம்புவார்கள். கடப்பாரை 5 அடி, அதாவது 60 அங்குலம். முட்டுக்கு அந்தப் பக்கம் 3 அங்குலம், இந்தப் பக்கம் 57 அங்குலம். 19 மடங்கு. ஒருவர் 30 கிலோ அளவுக்குச் சாய்ந்தாலே அங்கே 570 கிலோ தூக்கும். இருவர் என்றால் ஒரு டன்னுக்கு மேல்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கை 19 அங்குலம் இறங்கினால் கல் 1 அங்குலம்தான் எழும். விசையில் கிடைத்த லாபத்துக்குத் தூரத்தில் விலை கொடுத்தாக வேண்டும். அதனால்தான் ஒரு அங்குலம் எழும்பியதும் அடியில் இன்னொரு கல்லைத் திணிப்பார்கள், மறுபடி நெம்புவார்கள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டிவிடுவார்கள். முட்டுக்கல்லை எங்கே வைப்பது என்பதில்தான் கைவேலை. அனுபவம் இல்லாதவர் அதை ஒரு அடி தள்ளி வைப்பார். 19 மடங்கு 4 மடங்காகக் குறைந்துவிடும், கல் அசையாது, அவர் கல்லைத் திட்டுவார்.

கடப்பாரையைவிட எனக்குப் பிடித்தது ஏற்றம். இங்கே இருக்கும் இளைஞர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மோட்டார் வருவதற்கு முன் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மல்லாட்டைக் கொல்லைக்கும் கேழ்வரகுக்கும் தண்ணீர் இறைத்தது ஏற்றத்தில்தான். கிணற்றோரம் உயரமான இரண்டு கால்கள். அவற்றுக்கு நடுவே அச்சில் நிற்கும் ஒரு நீண்ட மரம். கிணற்றுப் பக்க நுனியில் மூங்கில் கழி தொங்கும். அதன் அடியில் சால். கீழே நிற்கிறவர் கழியைப் பிடித்துச் சாலை வழிநடத்தித் தண்ணீரைக் கொட்டுவார். மேலே ஏற்ற மரத்தின்மீது இன்னொருவர் நடப்பார். ஆமாம், நடப்பார். அந்தரத்தில், பிடிமானத்துக்குப் பக்கத்தில் கட்டிய கழியைத் தொட்டும் தொடாமலும், முன்னும் பின்னும். ஏற்றப்பாட்டுப் பாடிக்கொண்டே எத்தனை சால் என்று எண்ணிக்கையும் வைத்துக்கொள்வார்கள்.

அந்த மேலாளைக் கவனியுங்கள். அவர் எதையும் இழுக்கவில்லை, தூக்கவில்லை. கிணற்றுப் பக்கம் நாலெட்டு நடந்தால் மரம் அந்தப் பக்கம் சாய்ந்து சால் கிணற்றுக்குள் இறங்கும். திரும்பி வால் பக்கம் நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். அவருடைய எடை 55 கிலோ என்றால் நாள் முழுக்க 55 கிலோதான். அச்சிலிருந்து 3 அடியில் நிற்கும்போது அவர் 165. 9 அடிக்குப் போனால் அவரே 495. சாலும் தண்ணீருமாக 40 கிலோ, அச்சிலிருந்து 10 அடியில் தொங்கினால் அது 400. 165 அதைத் தூக்காது, 495 தூக்கிவிடும். ஒரே ஆள், ஒரே உடம்பு. நின்ற இடம்தான் வேறு.

நம் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. உங்கள் தொட்டிதான் அந்த ஏற்றக்காரர். பால்கனிதான் ஏற்ற மரம்.

பால்கனியைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். வீட்டுக்குள் இருக்கும் தளத்துக்கு எல்லாப் பக்கமும் சுவரோ உத்திரமோ தாங்கலாக இருக்கிறது. எடை வைத்தால் நடுவில் லேசாகத் தொய்யப் பார்க்கும். தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே இழுபடும் அடிப்பக்கத்தில் கம்பி போடுகிறார்கள். பால்கனி அப்படியல்ல. நம் குடியிருப்பில் பால்கனிகள் ஒரு பக்கம் மட்டும் கட்டடத்தில் பதிந்து, மற்ற மூன்று பக்கமும் அந்தரத்தில் நிற்கின்றன. எடை வைத்தால் வெளி நுனி கீழே இறங்கப் பார்க்கும். அப்போது இழுபடுவது மேல்பக்கம். அதுவும் சுவரை ஒட்டிய இடத்தில்தான் இழுப்பு அதிகம். அதனால் பால்கனிக்கு முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், அது அறைத் தளத்துக்குள்ளும் நீண்டு பதிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கிற எடைதான் அந்த ஏற்றத்தின் வால் பக்கம்.

கட்டட வேலை தெரிந்தவர்கள் ஒரு வழக்கமான பிழையைச் சொல்வார்கள். கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் கம்பிமேல் நடக்கிறார்கள். மேலே நிற்க வேண்டிய கம்பி மிதிபட்டு அடியில் போய்ப் படுத்துவிடும். கம்பி அதே கம்பி, கணக்கில் குறைவில்லை, பில்லிலும் குறைவில்லை. இடம் மாறியதால் பயன் போய்விட்டது. மேல் கம்பியைத் தாங்க நாற்காலி மாதிரி வளைத்த கம்பிகளை நெருக்கமாக வைப்பது இதற்காகத்தான். சொந்த வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் கான்கிரீட் போடுகிற நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

இப்போது தொட்டிக் கணக்கு. 18 அங்குலச் சிமெண்ட் தொட்டி, ஈரமண்ணோடு 80 கிலோவைத் தாண்டும். சந்தேகம் இருப்பவர்கள் தூக்கிப் பாருங்கள். இல்லை, தூக்க வேண்டாம், அதற்கும் பிறகு வருகிறேன். அந்தத் தொட்டியைச் சுவரிலிருந்து 1 அடியில் வைத்தால் பால்கனியின் வேர்ப்பகுதியில் அது கொடுக்கிற திருப்புத்திறன் 80. நாலடி தள்ளி வெளி ஓரத்தில் வைத்தால் 320. ஒரு தொட்டி நாலு தொட்டியின் வேலையைச் செய்கிறது. ஓரத்தில் வரிசையாக ஆறு தொட்டி வைத்திருக்கிற வீட்டில், சுவரோரம் 24 தொட்டி வைத்தால் என்ன ஆகுமோ அது ஆகிறது.

இது நான் கிளப்பிவிடுகிற பயம் இல்லை. கட்டடங்களுக்கான பாரங்களைச் சொல்லும் இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, 1987. குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. பால்கனிக்கு 3, அதாவது 300 கிலோ. இதைக் கேட்டதும் பால்கனி அறையைவிட பலமானது என்று சிலர் மகிழ்ச்சி அடைகிறார்கள். கூட்டம் போய் நிற்கிற இடம் என்பதால் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பால்கனிக்கு மட்டும் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்கள்: வெளி விளிம்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. விளிம்பு என்று தனியாகப் பிரித்துச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். 18 அங்குலத் தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் ஒரு மீட்டருக்கு இரண்டு பிடிக்கும். 160 கிலோ. நீங்களும் விருந்தாளியும் காபி டம்ளரோடு சாய்ந்து நிற்பதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது.

மனிதர்கள் வந்து நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். தொட்டி வருடக்கணக்கில் நிற்கும். நிரந்தரப் பாரத்தின்கீழ் கான்கிரீட் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும் குணம் உடையது. இதோடு நாம் தினமும் ஊற்றுகிற தண்ணீர். மேல்பக்கத்தில் நூல் அளவு வெடிப்பு விழுந்தால் தண்ணீர் அதன் வழியாக நேரே முக்கியக் கம்பிக்குத்தான் போகும். கம்பி துருப்பிடித்து உப்பும், உப்பினால் வெடிப்பு பெரிதாகும்.

எங்கே பார்ப்பது? எல்லோரும் கீழ்வீட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்தால் அதையும் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் பால்கனியைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது மேல்பக்கத்தில், வாசற்படிக்கு வெளியே, சுவருக்கு இணையாக ஓடுகிற வெடிப்பை. மேலே டைல்ஸ் போட்டிருந்தால் வெடிப்பு தெரியாது. அந்த வரிசையில் டைல்ஸ் விரிந்திருக்கிறதா, இணைப்புச் சிமெண்ட் பிளந்திருக்கிறதா, பக்கவாட்டுக் கைப்பிடிச் சுவர் கட்டடச் சுவரோடு சேருகிற இடத்தில் மேலே அகன்று கீழே குறுகிய இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வடிகாலுக்கு ஓடிய தண்ணீர் இப்போது வெளி ஓரத்தில் தேங்குகிறதா என்றும் பாருங்கள். இதில் எது இருந்தாலும் பூச்சு வேலைக்காரரைக் கூப்பிட்டு மூடிவிடாதீர்கள். முதலில் பாரத்தை இறக்கிவிட்டுச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பூச வேண்டும். வெடிப்பை மூடினால் நம் கண்ணுக்குத்தான் மறையும்.

பால்கனியை நீட்டிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கம்பி வேலிப்பெட்டி மாதிரி ஒரு அடிதானே என்று. 4 அடித் தளத்தை அதே கனத்தில் 5 அடியாக்கினால் அதன் சொந்த எடை கால்பங்கு கூடும். எடையின் நடுப்புள்ளியும் கால்பங்கு வெளியே போகும். இரண்டும் பெருகி, திருப்புத்திறன் ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். இன்னும் ஒரு பூந்தொட்டிகூட வைக்கவில்லை, அதற்குள் இப்படி. செங்கல் சுவர் எழுப்பிப் பால்கனியை அறையாக்குவதும் இதே ரகம். அந்தச் சுவர் போய் உட்கார்வது மிக மோசமான இடத்தில், விளிம்பில்.

சன்ஷேடு இன்னும் மெலிந்தது. வெயிலையும் மழையையும் தடுக்கக் கட்டியதே தவிர ஆள் நிற்கக் கட்டியதல்ல. ஏ.சி. வெளிப்பெட்டியை அதன் நுனியில் வைத்து, அதைக் கழுவ ஒரு மெக்கானிக்கையும் அதன்மேல் இறக்கிவிடுகிறோம். பெட்டியைச் சுவரிலேயே தாங்கி அடித்து மாட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் 'நான் பார்த்துக்கொள்கிறேன் சார்' என்றால் விட்டுவிடாதீர்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

நம் வாசல் இரும்பு கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கக் கதவு 8 அடி அகலம், 100 கிலோ என்று கொள்வோம். எடை நடுவில், கீலிலிருந்து 4 அடியில் இறங்குகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 4 அடி. அப்படியானால் மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கப் பார்க்கிற விசை 100 கிலோ. கீழ்க் கீலைத் தூணுக்குள் அழுத்துவதும் அதே 100. இப்போது 25 கிலோப் பிள்ளை ஒன்று ஓரக் கம்பியில் ஏறி ஆடுகிறது. 8 அடியில் 25 கிலோ, மேல் கீலுக்கு இன்னும் 50. கூட இன்னொரு பிள்ளையும் ஏறினால் மேல் கீலில் இருநூறு. கேட் பழுதாவது போகட்டும், சரியாகப் பதியாத மேல் கீல் பிடுங்கிக்கொண்டால் கதவு விழுவது பிள்ளைகளின்மேல். செக்யூரிட்டி அண்ணன் விரட்டும்போது நம்மில் சிலர் அவரிடம் கோபித்துக்கொள்கிறோம். அவர் செய்வது சரி. மாதம் ஒரு தரம் மேல் கீலின் போல்ட்டையும் வெல்டிங்கையும் பார்க்கும்படி பராமரிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நம் உடம்பும் ஒரு நெம்புகோல்தான். ஆனால் கஞ்சத்தனமாகச் செய்த நெம்புகோல். முதுகெலும்புக்குப் பின்னால் நம்மை நிமிர்த்துகிற தசைகள் எலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கை நீட்டி, உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டரில் தூக்கினால், அந்தத் தசை 200 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். கேனை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் 100 போதும். குனிந்து தூக்கினால் நம் மேலுடம்பின் எடையும் இதோடு சேரும். அணைத்துத் தூக்குங்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள் என்று டாக்டர் சொல்வதன் கணக்கு இது.

குழாய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருண்டைத் திருகு உள்ள குழாய் வயதானவர்களுக்குப் பகை. கைக்கு மையத்திலிருந்து கிடைக்கிற தூரம் 2 அல்லது 3 சென்டிமீட்டர்தான். நீளப் பிடி வைத்த குழாயில் 8 சென்டிமீட்டர் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கு விசை போதும். மூட்டுவலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக் குழாயையாவது மாற்றிவிடுங்கள். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை என்று துணி சுற்றுகிறோம். அது தூரத்தைக் கூட்டாது, வழுக்காமல் பிடிமானம் தரும். அதுவும் உதவிதான், வேறு வகை உதவி.

கேள்வி பதில்

கார் டயர் மாற்றும்போது ஸ்பேனரில் குழாய் செருகித் திருகலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார்.

கழற்றும்போது செருகுங்கள், முடுக்கும்போது வேண்டாம். சின்னக் கார்களின் சக்கர நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் கேட்பார்கள். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அது 40 கிலோ அழுத்தம், ஒரு சராசரி ஆள் நன்றாகச் சாய்ந்தால் வந்துவிடும். குழாய் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் 20 கிலோவிலேயே அது வந்துவிடும். ஆனால் கைக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் 40 கிலோவே போடுவோம். போல்ட் இழுபட்டு மறை போய்விடும். உங்கள் காருக்கான சரியான அளவு காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

"அப்படியானால் பால்கனி ஓரத்தில் நின்று பேசவே கூடாதா?" என்று சி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்.

தாராளமாகப் பேசுங்கள். விளிம்புக்கு 150 கிலோ என்று ஒதுக்கியிருப்பதே உங்களுக்காகத்தான். அந்த இடத்தைத் தொட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

துளசி மாடத்தை என்ன செய்வது என்றும் அவரே கேட்டார். வெளி மூலையில்தான் வெயில் கிடைக்கிறதாம்.

மாடம் கருங்கல்லா, சிமெண்டா என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் கனம்தான். சுவர்ப் பக்கம் கொண்டுவாருங்கள். கிழக்குப் பார்த்த வீடு என்றால் காலை வெயில் சாய்வாக உள்ளே வரும், சுவரோரத்திலும் விழும். வடக்குப் பார்த்த வீடு என்றால் கனமான மாடம் சுவரோரம் இருக்கட்டும், செடியை மட்டும் சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துப் பகலில் ஓரத்தில் வைத்து எடுங்கள். 5 கிலோவுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

நகர்த்த ஆள் வேண்டுமே என்றார் ஒருவர்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நம் தோட்டக்காரரும் குடியிருப்பு இளைஞர்கள் நாலு பேரும் வீடு வீடாக வருகிறார்கள். முந்தின நாள் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள், கனம் குறையும். யாரும் தொட்டியை அப்படியே தூக்க வேண்டாம். இரண்டு கையாலும் மேல் விளிம்பைப் பிடித்துக் கொஞ்சமாகச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டே போங்கள். டைல்ஸ் கீறாமல் இருக்கக் கீழே பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பு தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் இருப்பதால் சாய்ப்பதற்குத் தொட்டியின் முழு எடையும் கையில் வராது. ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.